வேலியிலிருந்து ஒரு வாளை மீட்ட வரலாறு

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று அறிஞர்கள் பல காலமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் நெருப்பு என்கிறார்கள், சிலர் சக்கரம் என்கிறார்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள் பூஜ்யம் என்கிறார்கள். மூன்றும் தவறு. நன்றாக உபயோகத்தில் இருக்கும் ஒரு பொருளை, அந்த உபயோகத்திலிருந்து காப்பாற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதுதான் நாகரிகத்தின் உச்சம். எங்கேயோ படித்துவிட்டு இதைச் சொல்லவில்லை. நகராட்சிப் பூங்காப் பிரிவின் எழுத்தராகவும், 'பழம்பெரும் பிரிட்டிஷ் குதிரைப்படை வாள் மீட்பு மற்றும் புனரமைப்பு மன்ற'த்தின் கௌரவச் செயலாளராகவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணால் கண்டு சொல்கிறேன்.

மன்றத்தை நிறுவியவர் எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்கு 'மேஜர்' என்று பெயர். முதலில் அவர் காதில் விழாமல் சொன்னோம். பிறகு ஒருநாள் விழுந்துவிட்டது. அவர் ஆட்சேபணை எதுவும் பதிவு செய்யாததால் பெயர் நிரந்தரமாயிற்று.

அவருக்கு இந்த ஞானம் பிறந்தது ஒரு பயிற்சி முகாமில். 'தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி' என்று மூன்று நாள் நடத்தினார்கள். ஒவ்வொருவரும் தன்னை எந்தப் பொருளாக உணர்கிறார் என்று பயிற்சியாளர் கேட்டாராம். ஒருவர் ஏணி என்றார், ஒருவர் விளக்கு என்றார். நம்மவர் "வாள்" என்றார். கைதட்டல் கிடைத்தது. திரும்பி வந்த இரண்டாம் மாதமே, இடிக்கப்போகும் ஒரு பழைய பங்களாவில் நடந்த ஏலத்தில் துருப்பிடித்த குதிரைப்படை வாள் ஒன்றை எடுத்துவிட்டார். அதன் பிறகு நான்கு. ஐந்தையும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தானே துரு நீக்கினார். குடும்பம் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட்டது.

"வீட்டுல தக்காளி நறுக்க ஒரு நல்ல கத்தி கிடையாது தம்பி. அஞ்சு வாள் இருக்கு," என்றார் அவர் மனைவி, நான் ஒரு கோப்பில் கையெழுத்து வாங்கப் போனபோது. வரலாற்று உணர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மேஜர் குதிரை ஏறியதில்லை. எங்கள் பூங்காவில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிவரும் மட்டக்குதிரை ஒன்று உண்டு. அது எதிரே வந்தால் அவர் பாதையின் மறு ஓரத்துக்கு மாறிவிடுவார். "குதிரை வெறும் வாகனம். வாள்தான் விஷயம்," என்பது அவர் சித்தாந்தம்.

மன்றத்தின் துணைத் தலைவர் ஒரு பல் டாக்டர். பூங்காவில் தினமும் நடக்க வருகிறவர். அவரிடம் ஒரே ஒரு வாள் இருந்தது, ஆனால் கருத்துகள் நிறைய இருந்தன. புதன்கிழமை தோறும் நான்கு மணிக்குக் கூட்டம். கூட்டம் நடக்க இரண்டு பேர் போதும் என்று விதி. மொத்தம் இரண்டு பேர்தான் என்பதால் ஒரு கூட்டம்கூட ஆள் குறைந்து தள்ளிப்போனதில்லை. மன்றத்துக்கு ஒரு முழக்கம் வேண்டும் என்றபோது டாக்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "வாளாவிருப்போம்," என்றார். வாளைப் போல் இருப்போம் என்ற பொருளில்தான் சொன்னார். மேஜருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாளாவிருப்பது என்றால் சும்மா இருப்பது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இவ்வளவு பொருத்தமாக அமைந்ததைக் கெடுப்பானேன்.

மன்றத்துக்குள் இரண்டு கட்சிகள் உண்டு: வெட்டுக் கட்சி, குத்துக் கட்சி. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் தேவை. குதிரையில் போகிறவன் எதிரியை வெட்ட வேண்டுமா, குத்த வேண்டுமா என்று பிரிட்டிஷ் படைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் வாதாடினார்கள். 1796இல் வெட்டுக்காரர்கள் கை ஓங்கி, நுனிப்பக்கம் அகன்று வளைந்த வாள் வந்தது. அப்புறம் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தச் சில சமரச வாள்கள் வந்தன. அவை சரியாக வெட்டவும் இல்லை, சரியாகக் குத்தவும் இல்லை. கடைசியில் 1908இல் குத்துக்காரர்கள் ஜெயித்து, குத்துவதற்கென்றே நேரான வாள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைவிடச் சிறந்த குதிரைப்படை வாள் உலகத்திலேயே கிடையாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆறு வருஷத்தில் பெரிய யுத்தம் வந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் குதிரைக்கே வேலை இல்லாமல் போயிற்று. ஒரு விஷயம் தேவைப்படாமல் போகும் தருணம் பார்த்து அதில் சரியான முடிவை எட்டுவது கமிட்டிகளால் மட்டுமே முடியும் காரியம். அதனால்தான் எங்கள் நகராட்சியில் இந்த வாள்களுக்கு இத்தனை மரியாதை.

மேஜர் வெட்டுக் கட்சி. டாக்டர் குத்துக் கட்சி. அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மேஜரின் ஒரே குறை, அவருடைய ஐந்து வாள்களும் சமரச வாள்கள் என்பது. 1796ஆம் வருஷத்து வாள் ஒன்றுக்காக அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். ஏக்கம் முற்றிய நிலையில்தான் அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூங்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

எங்கள் பூங்காவைச் சுற்றி நானூறு மீட்டர் நீளத்துக்குச் செடிவேலி உண்டு. இடுப்புயரம். மேல்பரப்பு அவ்வளவு மட்டமாக இருக்கும், தண்ணீர் நிரம்பிய தம்ளரை எங்கே வைத்தாலும் சிந்தாது. அதைப் பராமரித்தவர் இருபத்திரண்டு வருஷமாகத் 'தற்காலிக'ப் பணியாளராக இருக்கும் ஒரு பெண்மணி. அவர் என் அக்கா. இதை அலுவலகத்தில் நான் மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும்போது அக்கா என்னை "சார்" என்பாள். வாசலைத் தாண்டியதும் "டேய்" ஆகிவிடுவேன்.

அக்கா வேலி வெட்டும் விதமே தனி. மற்றவர்களைப் போல் கத்தரியை வைத்துக்கொண்டு கிளை கிளையாகக் கொறித்துக்கொண்டு நிற்கமாட்டாள். கையில் ஒரு நீளமான வளைந்த கத்தி. மரக் கைப்பிடி, வழுக்காமல் இருக்க அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். நடந்துகொண்டே இடுப்பு மட்டத்தில் வீசுவாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம், ஒரு கை நீளத்துக்கு வேலி மட்டமாகியிருக்கும். அடுத்த அடி, அடுத்த வீச்சு. பின்னாலேயே இலைகள் பாதையில் படுத்துக்கொண்டு வரும். நாலு நாளில் ஒரு சுற்று முடியும்.

மேஜர் தூரத்திலேயே நின்றுவிட்டார். பதிவேட்டோடு பின்னால் போன நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன்.

"ஏம்மா, கையில என்ன?"

"கத்தி சார்."

"இது கத்தியா? என்னன்னு தெரியுமா உனக்கு?"

"நீட்டுக்கத்தி சார். வேலி வெட்டுறது."

மேஜர் கைக்குட்டையை விரித்து அதை வாங்கினார். கைப்பிடிக்குப் பக்கத்தில் தேய்ந்துபோயிருந்த முத்திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்படியே நடைபாதையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தாறு," என்றார்.

"அவ்வளவு ஆகலை சார்," என்றாள் அக்கா. "நான் வந்தே இருபத்திரெண்டு வருஷம்தான்."

"யார் குடுத்தது இதை?"

"எனக்கு முன்னாடி இருந்த தோட்டக்காரர் ஓய்வு வாங்கிட்டுப் போறப்ப குடுத்துட்டுப் போனார் சார். அவருக்கு, அவருக்கு முன்னாடி இருந்தவர் குடுத்தாராம்."

"இதை வச்சு இத்தனை வருஷமா செடியையா வெட்டிக்கிட்டிருக்க?"

"வேற என்னத்த சார் வெட்டுறது?"

எதை வெட்டுவதற்காக அது செய்யப்பட்டது என்று சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அதை வெட்டியிருந்தால் வீரம். செடியை வெட்டினால் அவமதிப்பு. இந்த நுட்பமான வேறுபாட்டை அக்காவுக்குப் புரியவைக்க நேரம் இல்லாததால், மேஜர் வாளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார். அக்கா பாதி வெட்டிய வேலியருகே வெறுங்கையோடு நின்றாள்.

குறிப்பாணையை நான்தான் எழுதினேன். 'அரிய வரலாற்றுப் பொருளொன்று தொடர்ந்து உபயோகத்துக்கு உள்ளாக்கப்பட்டு வருவது கவனத்துக்கு வந்துள்ளதால், அதன் பாதுகாப்பைக் கருதி அது உடனடியாகக் கையகப்படுத்தப்படுகிறது. மேற்படி பணியாளருக்கு மாற்றுக் கருவி வழங்கப்படும்.' மாற்றுக் கருவி என்பது கிடங்கிலிருந்து வரவேண்டிய ஒரு பெரிய கத்தரி. ஆறு வாரத்தில் வந்தது. நடு ஆணி லொடலொடவென்று ஆடியது.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தையல் மிஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் காலை நிறுத்தவில்லை.

"பத்திரமா வச்சுக்கத்தாங்கா எடுத்திருக்காங்க. ரொம்ப அரிய பொருளாம்," என்றேன்.

"என்கிட்ட பத்திரமா இல்லாம எங்க போச்சு?"

"நீ பண்ணினது பாதுகாப்பு இல்லையாம். உபயோகமாம்."

அக்கா மிஷினை நிறுத்தினாள். "அந்தக் காகிதத்தை எழுதினது நீதானே?"

"ஆமா."

"எழுத்து அழகா இருந்துது," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

இனி புனரமைப்பு. முதல் இரண்டு கூட்டங்கள் சைக்கிள் டியூபிலேயே போயின.

"டியூபை எடுக்கவே கூடாது. அது வாளோட வாழ்க்கை வரலாறு," என்றார் டாக்டர்.

"அது சைக்கிளோட வாழ்க்கை வரலாறு," என்றார் மேஜர்.

வாக்கெடுப்பில் ஒன்றுக்கு ஒன்று. கௌரவச் செயலாளருக்கு வாக்கு கிடையாது. மூன்றாவது கூட்டத்துக்கு முன்பே டியூப் தானாகக் காய்ந்து, வெடித்து, கழன்று விழுந்துவிட்டது. மன்றத்தின் முதல் ஏகமனதான தீர்மானம் என்று அதைக் குறிப்பேட்டில் பதிந்தேன்.

அடுத்து மரக் கைப்பிடி அகற்றப்பட்டது. ஒரு புத்தகப் படத்தைக் காட்டி, ஜன்னல் கம்பி அடிக்கும் வெல்டிங் கடையில் இரும்புக் கைக்காப்பு ஒன்று செய்து மாட்டினார்கள். அலகின்மேல் பழுப்பாக, வழவழப்பாக ஒரு படிவு இருந்தது. அதை டாக்டர் தன் மருத்துவமனைக்கு எடுத்துப்போய், பல்லில் காரை சுரண்டும் கருவியால் பதினொரு நாள் சுரண்டினார். அந்த நாட்களில் பல்வலியோடு வந்தவர்கள் வெளியே கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கேட்ட கிரீச் சத்தத்தில் நாலு பேருக்கு வலி தானாகவே நின்று வீட்டுக்குப் போய்விட்டார்களாம். சுரண்டி முடித்தபோது வாள் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்தப் பழுப்புப் படிவுதான் இத்தனை காலம் துரு ஏறாமல் காத்த எண்ணெய்ப் பூச்சு என்பது பிறகு தெரியவந்தது. தெரியவந்தபோது டாக்டர் வெளியூரில் இருந்தார்.

வாளைக் காட்சிக்கு வைக்க உரிமம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆயுத உரிமப் பிரிவிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நிதானமான மனிதர். ஒரு வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு வாளால் தொட்டார். தாள் இரண்டாயிற்று.

"இது ஆயுதமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பாரம்பரியம்," என்றார் மேஜர்.

"வெட்டுதே."

"பிரமாதமா வெட்டும்."

"அப்ப ஆயுதம்."

"வெட்டலைன்னா?"

"அப்ப பாரம்பரியம்."

மேஜர் யோசித்தார். "இத்தனை வருஷமா இது பூங்காவுலதான் இருந்துது. அப்பவும் வெட்டுச்சு. அப்ப இது என்னங்க?"

"அப்ப தோட்டக் கருவி. தோட்டக் கருவிக்கு உரிமம் எதுக்கு? நீங்க அதை எடுத்து உள்ள வச்சீங்க பாருங்க, அப்பதான் ஆயுதமாச்சு."

இவ்வளவு தெளிவான சட்ட விளக்கத்தை நான் என் பணிக்காலத்தில் கேட்டதில்லை. மறுநாளே வாள் மீண்டும் வெல்டிங் கடைக்குப் போனது. சாணைச் சக்கரத்தில் ஒரு மணி நேரம் பிடித்து, கூர் முழுவதையும் தேய்த்து உருட்டிவிட்டார்கள். ஆய்வாளர் வந்து தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். "இப்ப பாரம்பரியம்," என்று சான்றிதழ் கொடுத்தார்.

மேஜரின் அறையில், ஏ.சி. இயந்திரத்துக்கு நேர் எதிரே கண்ணாடிப் பெட்டி வைக்கப்பட்டது. ஒன்பதாம் நாள் அலகின் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி தோன்றியது. மேஜர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "போர்க்கறை," என்றார். பதினைந்தாம் நாள் போர்க்கறை கைக்காப்பு வரைக்கும் பரவியது. வெல்டிங் கடைக்காரர் செய்த கைக்காப்பிலும் போர்க்கறை வந்தபோதுதான் மேஜருக்குச் சந்தேகம் தட்டியது. இது எப்படி இத்தனை காலம் துருப்பிடிக்காமல் இருந்தது என்று விசாரிக்க, ஒரு 'நிபுணர் கலந்தாய்வு' ஏற்பாடாயிற்று. நிபுணர் என்று என் அக்கா அழைக்கப்பட்டாள். நிபுணருக்கு நாற்காலி போடவில்லை. அவள் கதவருகே நின்றாள்.

"இதை நீ எப்படிப் பராமரிச்ச?"

"தினமும் வெட்டினேன் சார். சாயங்காலம் துடைச்சு எண்ணெய் தடவினேன்."

"என்ன எண்ணெய்?"

"தையல் மிஷின் எண்ணெய்."

"எந்த முறைப்படி?"

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"துணியால தடவுறதுதான் சார்," என்றாள். பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். "என்கிட்ட குடுங்க சார். ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேன். உங்களுக்கே திருப்பிக் குடுத்துடுறேன்."

"தொடக் கூடாதும்மா. இப்ப அது சான்றிதழ் பெற்ற பொருள்," என்றார் மேஜர்.

'பணியாளர் கூறியது நடைமுறை அனுபவம் மட்டுமே. அறிவியல் ஆதாரம் இல்லை' என்று குறிப்பெழுதினேன். அக்கா போன பிறகு வாளின்மேல் வார்னிஷ் அடித்தார்கள். துருவின்மேல் அடித்த வார்னிஷ் நல்ல பளபளப்புக் கொடுத்தது.

வாள் காட்சியின் திறப்பு விழாவுக்கு நகராட்சி ஆணையரை அழைத்தோம். அதற்குள் செடிவேலி ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. லொடலொடக் கத்தரியால் அக்கா ஒரு பக்கம் வெட்டி முடிப்பதற்குள் மறுபக்கம் முளைத்துவிடும். மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். ஆணையர் காரிலிருந்து இறங்கி, "பூங்கா எங்க?" என்று கேட்டார். அவர் பூங்காவுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்.

அலுவலக வாசலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சிவப்பு நாடா கட்டியிருந்தது. நாடாவை அந்த வாளாலேயே வெட்டித் திறக்க வேண்டும் என்பது மேஜரின் யோசனை. யோசனை அற்புதமானது. ஆணையர் வாளை வாங்கி ஓங்கி வீசினார். நாடா மரியாதையாக விலகி, மறுபடி தன் இடத்துக்கு வந்தது. இரண்டாம் முறை வாள்மேல் மடிந்து தொங்கியது. மூன்றாம் முறை இரண்டு கம்பங்களும் பிடுங்கிக்கொண்டு வந்தன.

"குத்திப் பாக்கலாம் சார்," என்றார் டாக்டர், இத்தனை வருஷம் காத்திருந்த ஒரு கட்சியின் நம்பிக்கையோடு.

ஆணையர் சுற்றிலும் பார்த்தார். பத்தடி தள்ளி வேலியருகே கத்தரியோடு நின்ற அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து, ஆடுகிற ஆணியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாடாவை ஒரே நறுக்கில் வெட்டினாள்.

"இந்த அம்மா யாரு?" என்றார் ஆணையர்.

"வேலி வெட்டுறவங்க சார்."

"வெட்டுற மாதிரி தெரியலையே," என்றார் ஆணையர், தலைக்கு மேல் ஆடிய கிளைகளைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், செயலாளர் என்ற முறையில்.

காருக்குத் திரும்பும்போது ஆணையர் மேஜரிடம் மெதுவாகக் கேட்டார். "ஏன் சார், அந்த வாள் ஏன் வெட்டலை?"

"இருபத்திரண்டு வருஷ துஷ்பிரயோகம் சார்," என்றார் மேஜர். "செடியை வெட்டி வெட்டியே கூரெல்லாம் போயிடுச்சு."

"யார் பொறுப்பு?"

இந்தக் கேள்வி கேட்கப்பட்டுவிட்டால் அலுவலகத்தில் ஒரு தாள் பிறந்தே ஆகவேண்டும். விளக்கம் கோரும் குறிப்பாணை தயாராயிற்று. இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, மேற்படி பணியாளர் அளவுக்கு மீறி வெட்டியதால் அரிய வாளின் கூர் அழிந்தது. இரண்டு, மேற்படி பணியாளர் போதிய அளவு வெட்டாததால் செடிவேலி அழிந்தது. இரண்டையும் ஒரே தாளில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் எழுதுவது லேசான காரியம் இல்லை. எழுதினேன். மேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, "உனக்கு எழுத நல்ல கை இருக்குய்யா," என்று பாராட்டினார்.

ஏழு நாளில் பதில் தர வேண்டும். அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள்.

"பதிலையும் நீயே எழுதிடு. உனக்குத்தான் வரும்."

"நீ சொல்லுக்கா, எழுதிக்கிறேன்."

அக்கா யோசிக்கவே இல்லை. "கத்தி என்கிட்ட இருந்த வரைக்கும் கத்தியும் வெட்டுச்சு, வேலியும் நேரா இருந்துது. எடுத்துட்டுப் போனீங்க, ரெண்டும் போச்சு. அவ்வளவுதான். இதை எழுது."

"இப்படி மொட்டையா எழுதக் கூடாதுக்கா. ஆபீஸ் பாஷைன்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப அதுல எழுது. ஆனா நான் சொன்னது அதுல இருக்கணும்."

"இருக்கும்," என்றேன்.

அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லா நயங்களையும் இறக்கி, மூன்றரைப் பக்கம் எழுதினேன். 'மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவரப்படுவது யாதெனில்' என்று ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில் இயற்கைச் சீற்றங்களையும், மூன்றாம் பக்கத்தில் இரும்பின் இயல்பையும் தொட்டு, 'கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று முடித்தேன். அவள் சொன்ன இரண்டு வரி இரண்டாம் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

மேஜர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மற்றதை அப்படியே மூடினார்.

"நாலு பக்கம் எழுதியும் என்ன சொல்ல வர்றான்னே புரியலையே. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னாத்தான் இப்படி எழுதுவாங்க. 'விளக்கம் ஏற்புடையதாக இல்லை'ன்னு போடு."

அவள் சொன்ன அந்த இரண்டு வரியை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், மேஜர் என்ன பதில் எழுதச் சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அன்று அப்படி யோசிக்க நேரமில்லை. 'விளக்கம் ஏற்புடையதாக இல்லை. மேற்படி தற்காலிகப் பணியாளரின் சேவை இனி தேவைப்படவில்லை' என்று இறுதி ஆணையை எழுதினேன். குற்றச்சாட்டு, விளக்கம், தீர்ப்பு மூன்றுமே ஒரே கையில் அமைவது நிர்வாகத்தில் அபூர்வம். நடை மாறாமல் இருந்தது.

பலன்கள் உடனே கிடைத்தன. செடிவேலி அடியோடு பிடுங்கப்பட்டு, வெட்டத் தேவையே இல்லாத பிளாஸ்டிக் வேலி நிறுவப்பட்டது. இலைகளுக்கு வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறார்கள். மேஜர் நகராட்சியின் 'பாரம்பரிய ஆலோசக'ராக உயர்ந்தார். விழாவுக்குப் பிறகு செய்து மாட்டிய உறையோடு வாள் ஒட்டிக்கொண்டு இனி வெளியே வராது என்ற நிலையை எட்டிவிட்டதால், அதன் பாதுகாப்பு முழுமை அடைந்துவிட்டதாக டாக்டர் அறிவித்தார். நான் முதுநிலை எழுத்தரானேன்.

இறுதி ஆணையை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பும்படி மேஜரிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் காரணம் கேட்பார், காரணம் சொன்னால் உறவைச் சொல்ல வேண்டும் என்று நானே எடுத்துப்போனேன்.

அக்கா வாசல்படியில் உட்கார்ந்து ஒரு புதுக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். லாரியின் அடியில் இருக்கும் பட்டை இரும்பை வாங்கிக்கொண்டுபோய்ப் பட்டறையில் அடித்து வளைத்து வாங்கியிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை, அங்கே வேலி இன்னும் நீளம் என்றாள். மணிக்கட்டில் துணி இல்லை.

தாளை நீட்டினேன்.

"படிச்சுக் காட்டு."

படித்தேன். என் குரலுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

"'மேற்படி பணியாளர்'னா?"

"நீதாங்கா."

"'கீழே கையெழுத்திட்டவர்'னா?"

"மேஜர்."

"அவருக்கு இப்படியெல்லாம் எழுத வராதே," என்றாள் அக்கா. தாளை என் கையிலிருந்து வாங்கி, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போனாள். "எழுதினவன் பேரு எங்க இருக்கு?"

"எழுதினவன் பேரு போடுற வழக்கம் இல்லக்கா."

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். "எங்கயுமேவா?"

"எங்கயுமே."

அக்கா பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாக, நிறுத்தி நிதானமாக எழுதி என்னிடம் கொடுத்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

நிர்வாகம் கண்டுபிடித்த வழக்கங்களில் இதைவிட உயர்ந்தது ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த வரலாற்றின் கீழும் நான் பெயர் போடவில்லை.